கொடைக்கானலில் வாடகைக் குதிரை ஏறும் முன்

கொடைக்கானல் ஏரிக்கரையில் காரை விட்டு இறங்குவதற்குள் "குதிரை சார், குதிரை" என்று நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். உடனே ரேட் பேச ஆரம்பிக்காதீர்கள். குதிரையைப் பாருங்கள், அப்புறம் பேரம்.

முதலில் எடை. சேணத்தோடு சேர்த்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பொதுவான கணக்கு, அதாவது 300 கிலோ மட்டக்குதிரை என்றால் 60 கிலோ, அதிலும் சேணம் சில கிலோவைத் தின்றுவிடும். நான் 82 கிலோ. பெரிய குதிரை இல்லையென்றால் பிள்ளையை ஏற்றிவிட்டுக் கூடவே நடப்பேன்.

அடுத்தது வயிற்று வார். இதில் நான் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். வாரை இறுக்கும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். பத்தடி நடந்ததும் வார் தளர்ந்து சேணம் ஒரு பக்கமாகச் சரியும், நாமும் கூடவே சரிவோம். அதனால் கொஞ்சம் நடக்க வைத்து, திரும்ப ஒருமுறை இறுக்கச் சொல்லிவிட்டு ஏறுங்கள். வாருக்கு அடியில் இரண்டு விரல் நுழைந்தால் சரி, கையே நுழைந்தால் சரியில்லை. அந்த இடத்தில் முடி உதிர்ந்து புண் இருந்தால் வேறு குதிரை பார்த்துக்கொள்ளுங்கள். விலா எலும்பை எண்ண முடிகிற குதிரையும் வேண்டாம்.

நடத்திக் காட்டச் சொல்லுங்கள். தார் ரோட்டில் லாடச் சத்தம் நாலும் ஒரே சீராக விழ வேண்டும். ஒன்று அமுங்கிக் கேட்டாலோ, ஒரு முன்னங்கால் ஊன்றும்போதெல்லாம் தலையைத் தூக்கினாலோ அதற்குக் கால் வலிக்கிறது.

ரேட் பேசும்போது ஏரியை முழுசாகச் சுற்றுவதா (சுமார் 5 கிலோமீட்டர்), பாதியில் திரும்புவதா, குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக் கூட வருவாரா என்று கேட்டுவிடுங்கள். "ஒரு ரவுண்டு" என்பதற்கு ஆளுக்கொரு அர்த்தம்.

இடது பக்கமாக நின்று, இடது காலை அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையம்) வைத்து ஏறுங்கள். பாதத்தின் முன்பகுதி மட்டும் அதில் இருக்கட்டும், குதிகால் கீழே. முழுக் காலும் உள்ளே போய் மாட்டினால் விழும்போது இழுத்துக்கொண்டு போகும், அதனால் செருப்போடு ஏறவே வேண்டாம், ஷூ போடுங்கள்.

இறங்கியதும் கேரட் கொடுக்க ஆசையாக இருந்தால் குதிரைக்காரரிடம் கேட்டுவிட்டு, விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்டுங்கள். வாய்க்கு நேர் முன்னால் இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. விரலில் பிடித்துக் கொடுத்தால் கேரட் எது, விரல் எது என்று பார்க்காது.