ஸ்டீயரிங் யார் கையில் இருந்தது? டிரெய்லரில் ஓட்டுநர் அடையாளக் கருவி பொருத்தும் முறை

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் துறைமுகத்தை நோக்கி வரிசை கட்டி நிற்கும் இரவுகளில், ஒரே வண்டியை விடிவதற்குள் இரண்டு மூன்று பேர் நகர்த்துவது வழக்கம். ஓட்டுநர் கேபினுக்குள் கண்ணயர்ந்திருக்க, வரிசை பத்தடி நகரும்போதெல்லாம் வேறொருவர் ஸ்டீயரிங்கைப் பிடிப்பார். காலையில் ஓனரின் திரையில் தெரிவதோ வண்டி எண் மட்டுமே. ஜிபிஎஸ் கருவியும் சரி, ஃபாஸ்டேக்கும் சரி, வண்டியைத்தான் காட்டும், ஓட்டியவரைக் காட்டாது. இதை உணராமல் நான் ஒருமுறை, ஓர் இரவில் பதிவான ஆறு திடீர் பிரேக்குகளுக்காக ஓட்டுநர் ஒருவரின் பேட்டாவில் கை வைத்தேன். அந்த நேரத்தில் அவர் வண்டியை மாற்று ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டுத் திருவொற்றியூரில் தம் வீட்டில் இருந்தார் என்பது பிறகே தெரிந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தும், அடுத்த மாதம் அவர் வேறு ஓனரிடம் போய்விட்டார். ஆகவே வேகம், பிரேக், டீசல் என்று எந்தக் கணக்கையும் தொடங்கும் முன் ஆளைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை முடித்துவிட வேண்டும்.

அதற்கு நம் வண்டிகளில் நன்கு உழைப்பது ஐபட்டன். கைக்கடிகார பேட்டரியைப் போன்ற துருப்பிடிக்காத எஃகு வில்லை அது. ஒவ்வொன்றுக்குள்ளும் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்ட 64 பிட் எண் இருக்கும். டேஷ்போர்டில் பொருத்திய கிண்ணம் போன்ற ரீடரில் அதை ஒரு நொடி தொட்டால் போதும். வில்லை உப்புக் காற்றைத் தாங்கிவிடும் என்றாலும், ரீடரின் தொடுமுனை கடலோரச் சாலையில் சில மாதங்களில் பச்சை பூத்துவிடுகிறது; மாதம் ஒருமுறை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடவும். ரீடருக்கு அருகில் காட்டினாலே படிக்கப்படும் ஆர்எஃப்ஐடி அட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் 125 கிலோஹெர்ட்ஸ் அட்டைகளை மலிவான கருவியால் நகலெடுத்துவிடலாம். முகம் பார்த்து அறியும் கேமரா செலவும் சங்கடமும் மிகுந்தது. நாலைந்து வண்டி வைத்திருப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எதைத் தேர்ந்தாலும், கனரக வாகன உரிமம் செல்லுபடியாகிறதா என்பதைப் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் சரிபார்த்த பிறகே ஒருவருக்கு வில்லையைக் கொடுக்கவும். உரிமம் இல்லாத கிளீனருக்கு வரிசையில் நகர்த்துவதற்காகக்கூடக் கொடுக்கக் கூடாது.

ஏஐஎஸ் 140 என்ற இந்திய வாகனத் தரத்தில் இருப்பிடக் கருவி ஏற்கெனவே வண்டியில் இருந்தால், அதில் ஐபட்டனுக்கான இணைப்பு உண்டா என்று முதலில் பாருங்கள். உண்டென்றால் ரீடர் மட்டும் வாங்கினால் போதும். கருவி 24 வோல்ட்டைத் தாங்குவதாக இருக்க வேண்டும், ஏனெனில் காருக்கென்று செய்த 12 வோல்ட் கருவி டிரெய்லரில் புகைந்துவிடும். நிரந்தர மின்கம்பியை பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சுக்கு முன்னால், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்து எடுக்கவும். இக்னிஷன் கம்பியைச் சாவியிலிருந்து தனியாக எடுக்கவும். கருவியை இரும்புச் சட்டத்தில் திருகி முடுக்க வேண்டும். இருபக்க டேப்பில் ஒட்டினால் ஒவ்வொரு பள்ளத்திலும் அது தானே அதிர்ந்து, பொய்யான பிரேக் எச்சரிக்கைகளைக் கொட்டும்.

வில்லை தொடாவிட்டால் ஸ்டார்ட் ஆகாதபடி ரிலே (மின்சுற்றைத் துண்டிக்கும் தானியங்கி சுவிட்ச்) வைக்கச் சொல்லும் விற்பனையாளர்கள் உண்டு. துறைமுக வரிசையில் வில்லை தொலைந்து ஒரு வண்டி நின்றால் பின்னால் நிற்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஆதலால் வில்லை தொடும்வரை கூவும் பஸ்ஸரே போதும் என்பது என் கருத்து. ரிலே வைத்தே தீர வேண்டுமென்றால் ஸ்டார்ட்டர் சுற்றில் மட்டும் வைக்கவும். ஓடும் வண்டியின் எரிபொருளை அறுக்கும் இணைப்பை எக்காரணம் கொண்டும் அனுமதிக்கக் கூடாது.

அடுத்தது பதிவு முடியும் விதி. பல கருவிகள் இக்னிஷன் அணைந்த உடனே ஓட்டுநரை வெளியேற்றிவிடும். வரிசையில் ஓர் இரவில் ஐம்பது முறை வண்டியை அணைத்துப் போடுகிறவர் ஐம்பது முறை வில்லையைத் தொட மாட்டார். ரப்பர் பேண்டு போட்டு வில்லையை ரீடரிலேயே கட்டிவைத்துவிடுவார். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எனவே இக்னிஷன் அணைந்து பத்து நிமிடம் கழிந்த பின்பே வெளியேற்றும்படியும், இடையில் வேறு வில்லை தொட்டால் அந்த நொடியே பெயர் மாறும்படியும் அமைக்கவும்.

இனி தரவு. வேகமாற்றத்தை அளக்கும் கருவியின் முடுக்கமானி எத்தனை ஜி-யில் (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) திடீர் பிரேக் என்று கணக்கிட வேண்டும் என்பதை நீங்களே அமைக்கலாம். 0.3 ஜி என்றால் வேகம் ஒவ்வொரு நொடியிலும் ஏறத்தாழ மணிக்குப் பத்தரை கிலோமீட்டர் குறைகிறது என்று பொருள். பாரமேற்றிய டிரெய்லருக்கு அதுவே கடுமையான பிரேக். வேகத்துக்கு ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள். அடுக்கிய கன்டெய்னர்களுக்கு நடுவே சிக்னல் எஃகுச் சுவர்களில் பட்டுத் திரும்புவதால், நிற்கும் வண்டி திரையில் இங்கும் அங்கும் தாவும். கனரக வண்டியின் கணினிகள் தகவல் பரிமாறும் ஜே1939 கம்பித் தடத்திலிருந்து சக்கர வேகம், என்ஜின் சுழற்சி, டீசல் செலவு ஆகியவற்றைப் பெறுவதே நம்பகமானது. கம்பியை வெட்டாமல் மேலே கவ்வி வாசிக்கும் கிளிப் கிடைக்கிறது, வாரண்டி உள்ள வண்டிக்கு அதையே கேளுங்கள்.

வட சென்னையில் டீசல் கரைவது வேகத்தால் அன்று, நின்றபடி ஓடும் என்ஜினால். சக்கர வேகம் பூஜ்யமாகவும் என்ஜின் சுழற்சி இயங்கியும் இருந்த நிமிடங்களை ஓட்டுநர்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஆனால் துறைமுக வாயில், கன்டெய்னர் கிடங்கு ஆகியவற்றைச் சுற்றி எல்லை வரைந்து, அங்கே நின்ற நேரத்தைத் தனிக் கணக்கில் போடவும். வரிசையின் குற்றத்தை ஓட்டுநர் தலையில் கட்டுவது நியாயமாகாது.

எந்தெந்தத் தரவு எடுக்கப்படுகிறது, எவ்வளவு நாள் வைத்திருக்கப்படும், யார் பார்ப்பார்கள் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, ஓட்டுநரிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து பெறவும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் கொண்டு சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் பேட்டாவைத் தொடாமல், திரையில் வரும் பெயர்களை ஓட்டுநர்களின் டிரிப் ஷீட்டோடு தினமும் ஒப்பிட்டு வாருங்கள். இரண்டும் ஒத்துவராத நாளில் முதலில் ரீடரின் தொடுமுனையைத் துடைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஓட்டுநரைக் கேளுங்கள்.