துருக்கி யார் பக்கம்? அந்நாட்டின் வெளியுறவுச் செய்திகளைப் படிக்க ஒரு வழிகாட்டி

2019 ஜூலை 12ஆம் தேதி, துருக்கியின் தலைநகர் அங்காராவுக்கு அருகிலுள்ள முர்டெட் விமானப்படைத் தளத்தில் ரஷ்யச் சரக்கு விமானங்கள் தரையிறங்கி, எஸ்-400 வான்காப்பு ஏவுகணை அமைப்பின் முதல் பாகங்களை இறக்கிவிட்டுச் சென்றன. ஐந்து நாள் கழித்து, எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்து துருக்கியை அமெரிக்கா வெளியேற்றியது. 1952 முதல் நேட்டோ உறுப்பினராக இருக்கும் நாடு மாஸ்கோவின் பக்கம் சாய்ந்துவிட்டது என்று அப்போது உலகமெங்கும் எழுதினார்கள். ஆனால் 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபோது, ரஷ்யப் போர்க்கப்பல்களுக்குக் கருங்கடலின் வாசலான நீரிணைகளை மூடியதும், தன் பைரக்தார் ட்ரோன்களை உக்ரைனுக்கு விற்றதும் இதே துருக்கிதான்; ரஷ்யா மீது மேற்கு நாடுகள் விதித்த பொருளாதாரத் தடைகளில் சேராமல் ஒதுங்கி நின்றதும் இதே துருக்கிதான்.

இதைப் பார்ப்பவர்கள் 'மதில்மேல் பூனை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த உவமை பொருத்தமாகப் படவில்லை. மதில்மேல் பூனை எந்தப் பக்கம் குதிப்பது என்று இன்னும் முடிவு செய்யாதது. துருக்கியோ மதில்மேலேயே இருப்பது என்று எப்போதோ முடிவு செய்துவிட்ட நாடு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், அங்காராவிலிருந்து வரும் செய்திகளில் பெரும்பாலானவற்றை நீங்களே பிரித்துப் பொருள்கொள்ள முடியும்.

(பெயரைப் பற்றி ஒரு சொல். 2022 ஜூன் முதல் ஐ.நா. ஆவணங்களில் அந்நாட்டின் பெயர் 'துருக்கியே' என்று மாறியிருக்கிறது. தமிழில் அப்படி எழுதினால் ஏகாரம் தேற்றப்பொருள் தந்து வாசகரைக் குழப்பும் என்பதால், இங்கே துருக்கி என்றே எழுதுகிறேன்.)

முதலில் நிலப்படத்தை விரியுங்கள்

கருங்கடலிலிருந்து மத்தியதரைக் கடலுக்கு வர வேண்டுமானால் போஸ்பரஸ், மர்மரா கடல், டார்டனெல்ஸ் ஆகிய மூன்றையும் கடந்தாக வேண்டும். மூன்றும் துருக்கியின் கையில் இருக்கின்றன. இஸ்தான்புல் நகரத்தை இரண்டாகப் பிளக்கும் போஸ்பரஸ், மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 700 மீட்டர் அகலமே உடையது. ரஷ்யாவின் கருங்கடல் கடற்படைக்கு வெளியுலகுக்குச் செல்லும் வாசல் இது என்பதால், துருக்கியின் வெளியுறவு பற்றிய எந்தக் கேள்வியும் சுற்றிவளைத்து இங்கேதான் வந்து நிற்கும்.

இந்த வாசலுக்கு ஒரு சட்டம் உண்டு. 1936 ஜூலை 20ஆம் தேதி கையெழுத்தான மாந்த்ரே உடன்படிக்கையின்படி, அமைதிக் காலத்தில் வணிகக் கப்பல்கள் தடையின்றிப் போய்வரலாம். கருங்கடல் கரையில் இல்லாத நாடுகளின் போர்க்கப்பல்களுக்கோ எடைவரம்பு உண்டு. 21 நாளுக்கு மேல் அவை அந்தக் கடலில் தங்கவும் கூடாது. அமெரிக்கக் கடற்படை நினைத்த நேரத்தில் கருங்கடலுக்குள் பெரும்படையாக நுழைய முடியாததற்குக் காரணம் இந்த விதிகளே. உடன்படிக்கையின் 19ஆவது பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: துருக்கி பங்கேற்காத போர் ஒன்று நடக்கும்போது, போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்கள் நீரிணைகளைக் கடக்கக் கூடாது, தம் சொந்தத் தளத்துக்குத் திரும்பும் கப்பல்களுக்கு விலக்கு உண்டு.

2022 பிப்ரவரி இறுதியில், உக்ரைனில் நடப்பது போர்தான் என்று துருக்கியின் வெளியுறவு அமைச்சர் வெளிப்படையாகச் சொன்னார். மாஸ்கோ அதைப் போர் என்று அழைக்க மறுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த ஒரு சொல்லால் 19ஆவது பிரிவு உயிர்பெற்றது. ஏப்ரலில் ரஷ்யக் கருங்கடல் கடற்படையின் மாஸ்க்வா என்ற முதன்மைக் கப்பல் மூழ்கியபோது, அதன் இடத்துக்கு வேறு கடற்படையிலிருந்து மாற்றுக் கப்பல் கொண்டுவர ரஷ்யாவுக்கு வழி இருக்கவில்லை. ஆனால் அதே சமயத்தில், கருங்கடல் நாடுகளாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோரும் போர்க்கப்பல் அனுப்பாமல் இருங்கள் என்று துருக்கி கேட்டுக்கொண்டதால், நேட்டோ கப்பல்களும் வெளியே நின்றன. அது மாஸ்கோவுக்கு ஆறுதல். 2024 ஜனவரியில், பிரிட்டன் உக்ரைனுக்குக் கொடுத்த இரண்டு கண்ணிவெடி அகற்றும் கப்பல்களுக்கும் அனுமதி இல்லை என்று அங்காரா அறிவித்தது. சட்டத்தின் ஒரே பக்கத்தை எடுத்து வைத்து, இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் 'இல்லை' என்று சொன்ன செயல் இது. துருக்கி பற்றிய செய்தி எதைப் படித்தாலும், இந்த வாசல் அதில் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.

பழைய காயங்களின் ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

துருக்கிய அரசியல்வாதிகள் பேசும்போது சில ஆண்டுகள் விளக்கமின்றி வந்து விழும். அவை தெரியாவிட்டால் பேச்சின் சூடு புரியாது. 1920இன் செவ்ர் உடன்படிக்கை உதுமானியப் பேரரசைத் துண்டுபோட முயன்றது. 1923இன் லோசான் உடன்படிக்கை இன்றைய குடியரசின் எல்லைகளுக்கு உலக ஏற்பைப் பெற்றுத் தந்தது. வல்லரசுகள் மறுபடியும் நம்மைக் கூறுபோடப் பார்க்கின்றன என்ற அச்சம் அங்கே கட்சி வேறுபாடின்றி இருப்பதற்கு வேர் இங்கே இருக்கிறது.

1945இல் ஸ்டாலினின் அரசு துருக்கியின் கிழக்கிலுள்ள கார்ஸ், அர்தஹான் பகுதிகளைக் கேட்டது. 1946 ஆகஸ்டில் நீரிணைகளின் பாதுகாப்பில் பங்கு கேட்டுக் குறிப்பு அனுப்பியது. துருக்கியை மேற்கின் கூரைக்குள் தள்ளியது இந்த அச்சமே. கூரைக்குள் வந்த பிறகும் அது நனைந்தது: கியூபா ஏவுகணை நெருக்கடியைத் தீர்க்க, துருக்கியில் நிறுத்தியிருந்த அமெரிக்க ஜூபிடர் ஏவுகணைகளை அகற்ற அங்காராவைக் கேட்காமலேயே வாஷிங்டன் மாஸ்கோவுடன் இசைந்தது. 1964 ஜூனில் அமெரிக்க அதிபர் ஜான்சன் துருக்கிக்கு எழுதிய கடிதம், கிரேக்கரும் துருக்கியரும் வாழும் சைப்ரஸ் தீவில் தலையிட்டு அதனால் சோவியத் தாக்குதல் வந்தால் நேட்டோ உதவிக்கு வரும் என்று எண்ண வேண்டாம் என்ற பொருள்பட இருந்தது. 1974இல் துருக்கி சைப்ரஸில் படை இறக்கியபின், 1975 முதல் 1978 வரை அமெரிக்கா ஆயுத விற்பனையை நிறுத்தியது. துருக்கி இன்று சொந்தமாக ட்ரோனும் போர்க்கப்பலும் கட்டுவதைப் பெருமையாகக் காட்டும்போது, அந்தப் பெருமையின் அடியில் இந்த மூன்று ஆண்டுத் தடை இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

பலர் கவனிக்காத ஒரு செய்தியும் உண்டு. ஜான்சன் கடிதத்துக்குப் பிறகு, 1967இல் துருக்கி சோவியத் ஒன்றியத்துடன் பொருளாதார ஒப்பந்தம் செய்துகொண்டது. இஸ்கந்தெருன் உருக்காலையும் செய்திஷெஹிர் அலுமினிய ஆலையும் சோவியத் உதவியால் எழுந்தவை. பனிப்போரின் நடுவில், நேட்டோ உறுப்பினராக இருந்துகொண்டே மாஸ்கோவின் உதவியில் ஆலை கட்டிய நாடு அது. ஆகவே இரு கரையிலும் படகு கட்டும் வழக்கத்தை அதிபர் எர்துவானின் கண்டுபிடிப்பாக எழுதும் கட்டுரைகளைச் சற்று ஐயத்தோடு படியுங்கள். அவர் வேகத்தையும் குரலையும் கூட்டினார். வழக்கம் அவருக்கு முந்தியது.

ஒவ்வொரு வல்லரசுக்கும் பல கணக்கேடுகள் உண்டு

புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, துருக்கி–ரஷ்யா உறவு 'நல்லதா, கெட்டதா' என்று ஒரே விடை தேடுவது. அங்காரா எரிவாயுவுக்கு ஓர் ஏடும், சிரியாவுக்கு வேறோர் ஏடும், சுற்றுலாவுக்கும் தக்காளிக்கும் மற்றோர் ஏடும் வைத்திருக்கிறது. ஓர் ஏட்டின் கடனை அடுத்த ஏட்டில் எழுதாமல் இருக்கப் பெரும்பாடு படுகிறது.

2015 நவம்பர் 24ஆம் தேதி சிரிய எல்லையருகே ரஷ்யாவின் எஸ்யூ-24 விமானத்தைத் துருக்கி சுட்டு வீழ்த்தியது. மாஸ்கோ துருக்கியத் தக்காளி உள்ளிட்ட காய்கனிகளுக்குத் தடை போட்டது, சுற்றுலா விமானங்களை நிறுத்தியது. எரிவாயு மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. 2016 ஜூனில் எர்துவான் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். ஜூலை 15 இராணுவக் கவிழ்ப்பு முயற்சிக்குப் பின், ஆகஸ்டில் சென்ட் பீட்டர்ஸ்பர்க்கில் புதினைச் சந்தித்தார். மேற்கு நாடுகளின் ஆதரவுக் குரல் தாமதமாகவும் அரைமனத்தோடும் வந்தது என்ற மனக்குறை அங்காராவில் அன்று ஆழமாக இருந்தது.

இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு 2020ஆம் ஆண்டின் தொடக்கம். ஜனவரி 8ஆம் தேதி எர்துவானும் புதினும் இஸ்தான்புல்லில் நின்று, ஆண்டுக்கு 31.5 பில்லியன் கன மீட்டர் எரிவாயு கொண்டுவரும் துருக்ஸ்ட்ரீம் குழாய்வழியைத் திறந்துவைத்தார்கள். சரியாக 50 நாள் கழித்து, பிப்ரவரி 27 அன்று, சிரியாவின் இத்லிப் பகுதியில் நடந்த வான் தாக்குதலில் 30க்கும் மேற்பட்ட துருக்கிய வீரர்கள் இறந்தனர். சிரிய வான்வெளியில் ரஷ்யாவின் கை இருந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அங்காரா குற்றத்தைச் சிரிய அரசின் மீதே சுமத்தி அதன் படைகளை அடித்தது. மார்ச் 5இல் எர்துவான் மாஸ்கோவுக்குப் போய்ச் சண்டை நிறுத்தம் செய்துகொண்டார். இதற்கிடையில் அவர் வேறொன்றும் செய்தார்: இனி அகதிகளைத் தடுக்க மாட்டோம் என்று அறிவித்து, கிரேக்க எல்லையை நோக்கி ஆயிரக்கணக்கானோரைப் போகவிட்டார். அடி வாங்கியது சிரியாவில், வலியைக் காட்டியது ஐரோப்பாவிடம். துருக்கிக்கு ஒரு வல்லரசோடு ஏதேனும் நெருக்கடி வந்தால், அந்த வாரம் மற்ற வல்லரசுகளோடு என்ன நடக்கிறது என்று பாருங்கள். விளக்கம் அங்கே கிடைக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏடு எளிமையானது. 2005 அக்டோபரில் தொடங்கிய உறுப்புரிமைப் பேச்சில், 35 அத்தியாயங்களில் 16 மட்டுமே திறக்கப்பட்டன, ஒன்று மட்டும் தற்காலிகமாக முடிந்தது. 2018 முதல் பேச்சு உறைந்து கிடக்கிறது. ஆனால் 1996இல் நடைமுறைக்கு வந்த சுங்க ஒன்றியம் உயிரோடு இருக்கிறது. துருக்கியின் ஏற்றுமதியில் 40 விழுக்காட்டுக்கும் மேல் அந்தச் சந்தைக்குத்தான் போகிறது. மேடையில் ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸைத் திட்டுவதை எவ்வளவு கேட்டாலும் இந்த எண்ணை மறக்காதீர்கள்.

சீனத்தின் ஏடு இன்னும் மெல்லியது. 2019 பிப்ரவரியில், சீனாவில் துருக்கிய மொழி பேசும் உய்குர் மக்கள் நடத்தப்படும் விதத்தை மனிதகுலத்துக்கே பெரும் வெட்கக்கேடு என்று துருக்கிய வெளியுறவு அமைச்சகம் சாடியது. 2024 ஜூனில் சீனக் கார்களுக்குக் கூடுதலாக 40 விழுக்காடு வரி அறிவித்துவிட்டு, ஜூலையில் சீனக் கார் நிறுவனமான பிஒய்டியுடன் 100 கோடி டாலர் தொழிற்சாலைக்கு ஒப்பந்தம் செய்தது. அந்த வரிக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையிலான ஒரு மாதமே சீன உறவைப் பற்றிப் போதுமான அளவு சொல்லிவிடுகிறது.

விலை என்ன என்று கேளுங்கள்

2022 மே மாதம் ஸ்வீடனும் பின்லாந்தும் நேட்டோவில் சேர விண்ணப்பித்தன. துருக்கி அரசோடு போரிட்ட ஆயுதக் குர்து அமைப்பான பிகேகேவுக்கு இடம் கொடுக்கிறார்கள் என்று எர்துவான் மறித்தார். அது பொய்ச் சாக்கு அல்ல. பல்லாயிரம் உயிர்களைப் பலிகொண்ட அந்தச் சண்டையில் துருக்கியர்களுக்கு உண்மையான மனக்கொதிப்பு உண்டு. ஆனால் மனக்கொதிப்புக்கும் விலைப்பட்டியலுக்கும் பகை இல்லை. பின்லாந்தை 2023 மார்ச்சிலேயே அனுமதித்தார்கள். ஸ்வீடன் தன் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை இறுக்கிய பிறகும் காத்திருந்தது. 2024 ஜனவரி 23இல் துருக்கிய நாடாளுமன்றம் 287க்கு 55 என்ற வாக்கில் ஒப்புதல் தந்தது. ஜனவரி 26இல் அமெரிக்க அரசு 40 புதிய எஃப்-16 விமானங்களும் பழையவற்றை மேம்படுத்தும் கருவிகளும் அடங்கிய சுமார் 2,300 கோடி டாலர் விற்பனைக்கு அனுமதி அளித்தது. கனடாவும் ட்ரோன் கருவிகளுக்கு விதித்திருந்த ஏற்றுமதித் தடையை அதே மாதம் விலக்கியது. தேதிகளை இப்படி அருகருகே எழுதிவைத்தால், அறிக்கைகளில் இல்லாத பேரம் தெரியவரும்.

பேரம் எப்போதும் வெல்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எஸ்-400ஐ வாங்கியதால் 900க்கும் மேற்பட்ட எஃப்-35 உதிரிபாகங்களைச் செய்துகொடுத்த தொழில் வாய்ப்பு போனது. 2020 டிசம்பரில் துருக்கியின் பாதுகாப்புத் தொழில் அமைப்பின் மீது அமெரிக்கத் தடையும் வந்தது. இந்தியாவும் 2018 அக்டோபரில் அதே எஸ்-400க்கு ஒப்பந்தம் செய்தது, ஆனால் அந்தத் தடை இந்தியா மீது பாயவில்லை. எஃப்-35 பறக்கும் கூட்டணியின் வீட்டுக்குள் ரஷ்ய ராடாரைக் கொண்டுவந்தது துருக்கி. இந்தியா அந்த வீட்டில் இல்லை. என் கணிப்பில், அண்மைக் காலத்தில் அங்காரா செய்த மிகக் கனமான தப்புக்கணக்கு இதுவே.

பேச்சையும் செயலையும் பிரித்தெடுங்கள்

2021 அக்டோபரில் அமெரிக்கா, ஜெர்மனி உள்ளிட்ட பத்து நாடுகளின் தூதர்களை வெளியேற்றப் போவதாக எர்துவான் முழங்கினார். இரண்டே நாளில் பின்வாங்கினார். துருக்கிய நாணயமான லிராவின் மதிப்பு சரிந்துகொண்டிருந்தது. 2018 ஆகஸ்டில், அமெரிக்கப் பாதிரியார் ஆண்ட்ரூ பிரன்சனின் சிறைவாசத்தை ஒட்டிய சண்டையில், டிரம்ப் துருக்கிய உருக்கு, அலுமினியத்தின் மீதான வரியை இரட்டிப்பாக்கியபோது லிரா பட்ட அடி யாருக்கும் மறக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் பாதிரியார் விடுதலையானார். எனவே கடுமையான பேச்சு வந்த நாளில் நாணயச் சந்தையைப் பாருங்கள். மாறாக, 2024 மே மாதம் இஸ்ரேலுடனான வணிகம் முழுவதையும் நிறுத்தியபோது நடந்தது செயல். அதற்கு முந்தைய பல மாதங்களில் முழக்கம் உச்சத்தில் இருந்தும் கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன.

ஒரு தலைப்பில் பழகிப் பாருங்கள்

2024 செப்டம்பரில் 'பிரிக்ஸில் சேர விரும்புகிறது துருக்கி' என்று செய்தி வந்தது. அக்டோபரில் எர்துவான் ரஷ்யாவின் கசான் நகரில் நடந்த பிரிக்ஸ் மாநாட்டுக்கும் போனார். மேற்சொன்ன கேள்விகளை இதன் மீது வைத்துப் பாருங்கள். நீரிணைகளில் ஏதும் மாறவில்லை. பழைய காயம் இருக்கிறது, ஐரோப்பாவின் மூடிய கதவு. சுங்க ஒன்றியம் அப்படியே நிற்கிறது. மலத்யா மாகாணத்து குரெஜிக்கில் உள்ள நேட்டோ முன்னெச்சரிக்கை ராடார் இயங்குகிறது. இன்ஜிர்லிக் விமானப்படைத் தளத்தில் அமெரிக்கப் படையினர் இருக்கிறார்கள். வாங்கிய எஸ்-400 நேட்டோவின் வான்காப்பு வலையில் இணையாமல் தனியே கிடக்கிறது. இவற்றில் ஒன்றாவது அசைந்திருந்தால் அது பெரிய செய்தி. எதுவும் அசையாதபோது, அந்தத் தலைப்பை பிரஸ்ஸல்ஸுக்கு முகவரியிட்ட கடிதமாகப் படிப்பதே சரி.