அயர்லாந்தின் மேடுபள்ளச் சாலைகளில் சைக்கிள் பயணம்: புதுச்சேரியிலிருந்து தயாராவது எப்படி

புதுச்சேரியிலும் கடலூரிலும் சாலை சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள் ஒரு பயணத்தைக் கிலோமீட்டரில்தான் அளக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை சென்று திரும்பும் ஏறக்குறைய 70 கிலோமீட்டர், வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடுகிற தூரம். அதே 70 கிலோமீட்டர் அயர்லாந்தின் கில்கென்னி மாவட்டத்தில் ஒரு முழுப் பகலை எடுத்துக்கொள்ளும். அங்கே மலைகள் உயரமானவை அல்ல. அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான கரன்டூயில் 1,038 மீட்டர்தான். நம் ஏற்காடு அதைவிட உயரத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு மேட்டில் ஏறி மூச்சு வாங்குவதற்குள் இறக்கம் வந்துவிடும். இறக்கத்தின் வேகத்தை அனுபவிப்பதற்குள் அடுத்த மேடு எதிரே நிற்கும். நாள் முழுவதும் இப்படியே போகும் சாலையில், சமநிலத்தில் பழகிய கால்கள் பிற்பகலில் ஓய்ந்துவிடுகின்றன. ஆகவே அங்கே பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது தூரத்தை இரண்டாவதாகவும், வழியில் ஏறும் மேடுகளின் உயரத்தையெல்லாம் கூட்டிய மொத்த ஏற்றத்தை முதலாவதாகவும் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் முதன்மையான அறிவுரை.

கைபேசியில் உள்ள எந்தப் பாதைத் திட்டச் செயலியும் மொத்த ஏற்றத்தை மீட்டரில் காட்டிவிடும். அதைத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 5 மீட்டருக்குள் வந்தால் அது நமக்கு எளிய பாதை. 10 மீட்டரை நெருங்கினால் உழைப்பு தேவைப்படும் பாதை. 15-ஐத் தாண்டினால் முதல் வாரத்தில் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. நம் ஊர்க்காரர் ஒருவர் முதல் மூன்று நாட்களுக்கு, நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர், 500 மீட்டர் ஏற்றம் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டால் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

பயிற்சிக்கு இங்கே மேடே இல்லை என்று பலர் சொல்கிறார்கள், அது சரியன்று. கடற்கரைச் சாலையிலிருந்து ஆரோவில் செம்மண் மேட்டை நோக்கி ஏறும் சாலைகள் இருக்கின்றன. கோரிமேட்டு ஏற்றம் இருக்கிறது. கடலூரில் திருவந்திபுரத்தை ஒட்டிக் கேப்பர் மலைச் சரிவுகள் இருக்கின்றன. இவை சிறியவை என்பதால்தான் பயன்படுகின்றன, ஏனெனில் அயர்லாந்தின் கிராமச் சாலைகளிலும் பெரும்பாலான ஏற்றங்கள் குறுகியவையே. ஒரே மேட்டில் பத்து முறை, உட்கார்ந்தபடியே, மூச்சு இரைக்காத வேகத்தில் ஏறி இறங்குவது நல்ல பயிற்சி. எழுந்து நின்று ஓங்கி மிதித்து ஒரே ஏற்றத்தில் வீரம் காட்டுவதால் பயனில்லை; இருபதாவது மேட்டிலும் முதல் மேட்டின் வேகத்தைக் காப்பாற்றுவதே அங்கே தேவைப்படும் திறமை.

இன்னொரு பயிற்சியை நமக்குக் காற்று தருகிறது. அயர்லாந்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அட்லாண்டிக் கடற்காற்று வீசிக்கொண்டே இருக்கும். அம்மியையும் பறக்கவிடும் நம் ஆடிக்காற்றும் மேற்கிலிருந்தே வருகிறது. ஆடி மாதத்தில் புதுச்சேரியிலிருந்து வில்லியனூர், திருபுவனை வழியாக விழுப்புரம் திசையில் எதிர்காற்றில் சென்று, திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கி வருவது மிகச் சிறந்த ஒத்திகை. அங்கேயும் இதே ஒழுங்கைப் பின்பற்றலாம்: காலையில், உடலில் வலு இருக்கும்போது, காற்றை எதிர்த்துப் போய்விட வேண்டும்.

சைக்கிளைப் பொறுத்தவரை, நம் ஊர்ச் சமநிலத்துக்கென்று வாங்கிய பெரிய கியர்கள் அங்கே முழங்காலைப் பதம் பார்க்கும். முன்பக்கப் பல்வட்டுகள் இரண்டில் முறையே 50, 34 பற்களும், பின்பக்கப் பல்வட்டுகளில் 11 முதல் 32 பற்கள் வரையும் கொண்ட அமைப்பு போதுமானது; பின்பக்கம் 34 பற்கள் வரை இருந்தால் இன்னும் நிம்மதி. டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அங்குள்ள சிறு சாலைகள் பலவற்றில் தார் மேல் சரளைக் கல் தூவி அழுத்தியிருப்பார்கள். அதில் மெல்லிய டயரில் முறுக்கிக் காற்று அடித்துக்கொண்டு போனால் உள்ளங்கை மரத்துவிடும்.

இனிப் பாதைகள். முதன்முறை செல்பவருக்கு நான் கில்கென்னியையே சொல்வேன். டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து வாட்டர்ஃபோர்டு செல்லும் ரயில் அங்கே நிற்கிறது. கில்கென்னி நகரிலிருந்து நோர் ஆற்றை ஒட்டித் தெற்கே பென்னட்ஸ்பிரிட்ஜ், தாமஸ்டவுன், இனிஷ்டீக் என்று மூன்று பழைய பாலத்து ஊர்கள் வருகின்றன. தாமஸ்டவுனை அடுத்து, 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஜெர்பாயின்ட் மடாலயத்தின் இடிபாடுகள் உள்ளன. இங்கே அவசரப்படாமல் சைக்கிளைப் பூட்டிவிட்டு உள்ளே செல்லுங்கள். முற்றத்தைச் சுற்றியுள்ள தூண்களில் வீரர்கள், சீமாட்டிகள், புனிதர்கள் ஆகியோருக்கு நடுவே, வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு முகம் சுளிக்கும் ஒரு மனிதனும் செதுக்கப்பட்டிருக்கிறான். கோயில் தூண்களில் அடியார்களுக்கிடையே அன்றாட மனிதர்களையும் கண்டு பழகிய நமக்கு அவன் உடனே பிடித்துப்போவான்.

இனிஷ்டீக்கில் ஆற்றின் மேல் பத்து வளைவுகள் கொண்ட பழைய கற்பாலம் இருக்கிறது. சதுக்கத்தில் மரநிழலில் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது, ஏனெனில் இதற்குப் பிறகுதான் நாளின் உண்மையான வேலை தொடங்குகிறது. நோர் பள்ளத்தாக்கிலிருந்து அடுத்துள்ள பாரோ ஆற்றின் பள்ளத்தாக்குக்குக் கடக்க, பிராண்டன் குன்றை ஒட்டிய மேட்டு நிலத்தில் ஏற வேண்டும். மறுபுறம் இறங்கினால் கிரெய்க்னமனா; 1204-இல் நிறுவப்பட்ட டியூஸ்க் மடாலயத்தின் தேவாலயம் ஊரின் நடுவே இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே, பழைய தேவாலயமும் கற்சிலுவையும் உள்ள உல்லார்டு, பிறகு கோர்ஸ்பிரிட்ஜ், கௌரன் வழியாகக் கில்கென்னி திரும்பினால் மொத்தம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அது மிகையாகத் தோன்றினால் தாமஸ்டவுனிலேயே ரயில் நிலையம் உண்டு. அங்கிருந்து தொடங்கிக் குறைத்துக்கொள்ளலாம்.

டப்ளினுக்குத் தெற்கேயுள்ள விக்லோ மலைப் பாதை இதைவிடப் புகழ்பெற்றது, இதைவிடக் கடினமானதும்கூட. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த 1798 கிளர்ச்சிக்குப் பிறகு மலைகளில் ஒளிந்திருந்த போராளிகளைப் படைகள் எட்டிப் பிடிப்பதற்காக 1800 முதல் 1809 வரை பிரிட்டிஷ் அரசு அமைத்த ராணுவச் சாலை அது. எனிஸ்கெரியிலிருந்து கிளென்கிரி வழியாகச் சுமார் 500 மீட்டர் உயரத்திலுள்ள சாலி கணவாய்க்கு ஏறி, லாரா ஊருக்கு இறங்கி, 6-ஆம் நூற்றாண்டின் கெவின் துறவி வாழ்ந்த கிளென்டலாக் மடத்தையும் அதன் 30 மீட்டர் உயர வட்டக் கோபுரத்தையும் அடையலாம். கிளென்கிரியைத் தாண்டினால் லாரா வரை கடையோ ஒதுங்க இடமோ கிடையாது; இருபுறமும் திறந்த சதுப்பு மேடுதான். மழை, மூடுபனி அறிவிப்பு இருக்கும் நாளில் இதைத் தள்ளிப்போடுவதே அறிவுடைமை.

கால் பழகிய பிறகு, நாட்டின் தெற்கிலுள்ள லிஸ்மோர் ஊரிலிருந்து நாக்மீல்டௌன் மலைகளைக் கடந்து கிளாஹீன் செல்லும் ‘வீ’ கணவாயை முயலலாம். ஏற்றம் நீளமானது, ஆனால் சீரானது. லிஸ்மோரிலிருந்து ஏறினால் பாதிக்குமேல் மரநிழல். மே மாத இறுதியிலும் ஜூனிலும் மேலே ரோடோடென்ட்ரான் புதர்கள் பூத்துக் கிடக்கும். 1963-இல் தனியாளாகச் சைக்கிளில் ஐரோப்பா, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக டெல்லி வந்து சேர்ந்த பயண எழுத்தாளர் டெர்வ்லா மர்ஃபி இந்த லிஸ்மோர்க்காரரே என்பது நம் நாட்டுச் சைக்கிள்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

சாலை விதிகளில் நமக்குப் பெரிய மாற்றமில்லை. அங்கேயும் இடப்பக்கமே செல்ல வேண்டும். எம் என்று தொடங்கும் விரைவுச்சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை; என் என்று தொடங்குபவற்றில் அனுமதி உண்டு, ஆனால் தவிர்க்கலாம்; ஆர், எல் எழுத்துச் சாலைகளே நமக்கானவை. எல் சாலைகளில் ஆள் உயரத்துக்கு மேல் செடிகளாலான உயிர்வேலி அடர்ந்திருப்பதால் வளைவுக்கு அப்பால் எதுவும் தெரியாது. கோடையில் கால்நடைத் தீவனப் புல் அறுவடை நடக்கும்போது, சாலையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு டிராக்டர்கள் வரும். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில்தான் இறங்க வேண்டும். பறவைகள் கூடு கட்டும் காலமென்று மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வேலி வெட்டச் சட்டம் தடை விதிக்கிறது. செப்டம்பரில் வெட்டத் தொடங்கியதும் முட்கள் சாலையெங்கும் சிதறிக் கிடக்கும். அப்போது செல்பவர் இரண்டு டியூப்பாவது கூடுதலாக எடுத்துச் செல்ல வேண்டும். எனவே மே, ஜூன் மாதங்களே சிறந்தவை. ஜூனில் டப்ளினில் ஏறத்தாழ 17 மணி நேரம் பகல் வெளிச்சம் இருக்கும் என்பதால் மெதுவாகச் செல்பவரும் இருட்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

அந்த மாதங்களிலும் மழை வரும். நம் ஊர் மழையில் நனைந்தால் உடம்பு குளிராது; அங்கே 12 டிகிரியில் நனைந்து இறக்கத்தில் சென்றால் பிரேக் பிடிக்கும் விரல்கள் விறைத்துவிடும். மழைச் சட்டையும் முழுவிரல் கையுறையும் கட்டாயம்.

சொந்த சைக்கிளை விமானத்தில் கொண்டு செல்வோர் புறப்படுமுன் டயர்களில் ஒட்டிய செம்மண்ணை நன்றாகக் கழுவிவிடவும். பெடல்களைக் கழற்றும்போது இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் இருப்பதை மறந்து முறுக்கினால் மரை கெட்டுவிடும். பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசாவில் செல்ல முடிகிற ஷெங்கன் கூட்டமைப்பில் அயர்லாந்து சேராதது; அதற்குத் தனி விசா எடுக்க வேண்டும். நகரங்களுக்கிடையேயான ரயில்களில் ஒரு சில சைக்கிள்களுக்கே இடம் உண்டு. ஆகவே பயணச்சீட்டோடு சைக்கிளுக்கும் முன்பதிவு செய்த பிறகே விடுதி அறையை உறுதி செய்யுங்கள்.