பீரைப் பாட்டிலில் அடைப்பது: சர்க்கரைக் கணக்கும் செய்முறையும்

நொதித்து அடங்கிய பீரை அப்படியே ஊற்றிக் குடித்தால் சப்பென்று இருக்கும். அதில் சர்க்கரையை அளந்து கலந்து பாட்டிலில் அடைத்தால், மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று கரியமில வாயுவை விடும். வெளியேற வழி இல்லாததால் வாயு பீரிலேயே கரைந்துவிடும். பிரைமிங் என்பது இவ்வளவுதான். ஆனால் மூடி போட்ட பாட்டில் என்பது விசில் இல்லாத பிரஷர் குக்கர். அதற்குள் எவ்வளவு வாயு உண்டாகும் என்பது மூடும் முன்பே முடிவாகிவிடுகிறது, பிறகு திருத்துவது கஷ்டம்.

தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். சொந்த உபயோகத்துக்குத் தயாரிப்பதை பிரிட்டன் 1963லும் அமெரிக்கா 1978லும் எளிதாக்கின. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தடையில்லை. இங்கே சொல்வது அப்படிப்பட்ட ஊர்களில் இருப்பவர்களுக்கு. கணக்குக்கு 19 லிட்டர் பேல் ஏல் (ஒரு வகை பீர்) என்று வைத்துக்கொள்வோம்.

நொதித்தல் முடிந்துவிட்டதா?

ஏர்லாக்கில் (நொதிக்கும் வாளியின் மூடியில் வாயுவை மட்டும் வெளியே விடும் அடைப்பில்) குமிழி நின்றுவிட்டது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வாளி மூடியின் ஓரத்தில் கசிவு இருந்தாலும் குமிழி வராது. நம்ப வேண்டியது அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை மட்டும்தான். மாதிரியை எடுத்து, இரண்டு கிளாஸ்களில் மாற்றி மாற்றி ஊற்றி வாயுவைப் போக்கிவிட்டு அளவு பாருங்கள். குமிழிகள் கருவியில் ஒட்டினால் அதைத் தூக்கிக் காட்டும். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறையும் ஒரே எண் வர வேண்டும், உதாரணமாக 1.012.

இதில் அவசரப்பட்டால் என்ன ஆகும்? அடர்த்தி ஒரு புள்ளி (0.001) இறங்கினால் ஏறத்தாழ அரை வால்யூம் வாயு உண்டாகும். (ஒரு லிட்டர் பீரில் எத்தனை லிட்டர் வாயு கரைந்திருக்கிறது என்பதே வால்யூம்.) 1.012க்கு இறங்க வேண்டிய பீரை 1.016லேயே அடைத்துவிட்டால், சர்க்கரை தருவதற்கு மேல் இன்னும் 2 வால்யூம் சேரும். 2.4 வால்யூம் உள்ள பாட்டிலில் 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் அழுத்தம் கார் டயரின் காற்றை விடக் கொஞ்சம்தான் குறைவு. 4.4 ஆனால் அது இரண்டு மடங்கைத் தாண்டும். சாதாரண பீர் பாட்டில் அதற்குச் செய்யப்பட்டதல்ல. வெடித்தால் கண்ணாடிச் சில்லு அறை முழுக்கப் பறக்கும்.

சர்க்கரை எவ்வளவு

நொதித்த பீரில் ஏற்கெனவே கொஞ்சம் வாயு கரைந்திருக்கும்: 20 டிகிரியில் சுமார் 0.86 வால்யூம், 25 டிகிரியில் 0.76. பேல் ஏலுக்கு 2.4 வால்யூம் வேண்டும். பிட்டர் என்ற பிரிட்டிஷ் பீருக்கு 1.5 முதல் 2 போதும். ஜெர்மன் கோதுமை பீர் 3.5க்கு மேலும் போகும், அதைக் கனமான பாட்டிலில்தான் அடைக்க வேண்டும். சாதாரண வெள்ளைச் சர்க்கரை லிட்டருக்கு 4 கிராம் போட்டால் ஒரு வால்யூம் ஏறும்.

ஆக, 2.4இல் 0.86 கழித்தால் 1.54. அதை 4ஆல் பெருக்கி, 19ஆல் பெருக்கினால் 117 கிராம். நொதித்தது 25 டிகிரியில் என்றால் 125 கிராம். டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் சர்க்கரை) வாங்கியிருந்தால் பத்து சதவீதம் கூடுதலாக, அதாவது 130 கிராம் அளவில் போடுங்கள், அதில் கொஞ்சம் நீர் கலந்திருக்கிறது. இவ்வளவு குறைந்த அளவில் வெள்ளைச் சர்க்கரை பீரின் ருசியைக் கெடுக்காது. வெல்லமும் கருப்பட்டியும் ஈரமும் கசடும் ஆளுக்கொரு அளவாகக் கொண்டவை; பாயசத்துக்குச் சரி, இந்தக் கணக்குக்குச் சரிவராது.

பலர் சறுக்கும் இடம் வெப்பநிலை. ஈஸ்ட் படிவதற்காகப் பீரை 3 டிகிரிக்குக் குளிர வைத்துவிட்டு, கணக்கிலும் 3 என்று போட்டால் 65 கிராம்தான் வரும். பீர் சப்பென்றே நிற்கும். ஏற்கெனவே வெளியேறிய வாயு, குளிர வைப்பதால் திரும்பி வராது. நொதித்தல் முடிந்த பிறகு பீர் எட்டிய அதிகபட்ச வெப்பநிலையைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். லிட்டர் கணக்கும் அப்படியே: வாளியின் அடியில் தங்கும் வண்டலைக் கழித்துவிட்டு, பாட்டிலுக்குப் போகும் பீரை மட்டும் எண்ணுங்கள். சர்க்கரையைக் கிச்சன் தராசில் நிறுத்துப் போடுங்கள், கப்பில் அளக்காதீர்கள்.

பாட்டில்கள்

19 லிட்டருக்கு 330 மில்லி பாட்டில் என்றால் 58 வேண்டும், 500 மில்லி என்றால் 38. பழுப்பு நிறமே வேண்டும். பச்சையிலும் வெள்ளையிலும் வெளிச்சம் புகுந்து, ஹாப்ஸின் (பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூ) கசப்புப் பொருளைச் சிதைத்து ஒரு துர்நாற்றத்தைக் கொண்டுவரும். திருகித் திறக்கும் வகை ஆகாது, ஓப்பனரால் நெம்பித் திறக்கும் வகையை எடுங்கள். பெரும்பாலானவற்றுக்கு 26 மில்லிமீட்டர் மூடி. சில பெல்ஜியப் பாட்டில்களுக்கு 29. வாய் விளிம்பில் சிறு சில்லு போயிருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. உள்ளே காய்ந்த படலம் இருந்தால் அதன் மேல் எந்த மருந்தும் வேலை செய்யாது. சோடியம் பெர்கார்பனேட் கலந்த வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, பிரஷ் போட்டு அலசி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பிறகு ஸ்டார் சான் போன்ற அமிலக் கரைசல், லிட்டருக்கு 1.6 மில்லி. ஒரு நிமிடம் நனைந்தால் போதும். கவிழ்த்து வடித்துவிடுங்கள், நுரை தங்கினால் பரவாயில்லை, அலச வேண்டாம். குழாய், வாளி, வாளியின் டேப் (திருகுக் குழாய்), மூடிகள் எல்லாவற்றுக்கும் இதே. வாளியின் டேப்பைக் கழற்றிக் கழுவுங்கள். கிருமி பதுங்கும் இடம் அதுதான்.

அடைப்பது

சர்க்கரையை 300 மில்லி தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அடைக்கும் வாளியில் முதலில் ஊற்றுங்கள். சைபன் குழாயின் நுனி வாளியின் அடியில் சுருண்டு கிடக்கட்டும். பீர் சுழன்றுகொண்டே நிரம்பி, பாகு தானாகக் கலக்கும். ஆனாலும் முடிந்ததும் சுத்தமான நீளக் கரண்டியால் மெதுவாக இரண்டு மூன்று முறை கிளறிவிடுங்கள். சரியாகக் கலக்காத பீரில் ஒரு பாட்டில் பொங்கும், பக்கத்துப் பாட்டில் சப்பென்று இருக்கும். சலசலவென்று ஊற்றக்கூடாது. காற்றுப் பட்ட பீர் சில வாரத்தில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும், ஹாப்ஸ் தூக்கலான பீர் நிறமும் கறுக்கும்.

டேப்பில் அடிவால்வு உள்ள நிரப்புக் குழலைப் பொருத்துங்கள். அதைப் பாட்டிலின் அடியில் அழுத்தினால் பீர் நுரைக்காமல் ஏறும். விளிம்பைத் தொட்டதும் குழலை உருவினால், குழல் அடைத்திருந்த இடம் காலியாகி மூன்று சென்டிமீட்டர் இடைவெளி தானாகவே கிடைக்கும். மூடியை வைத்து இரட்டைக் கைப்பிடிக் கருவியால் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். விரலால் திருகிப் பாருங்கள். சுழன்றால் சரியாகப் பிடிக்கவில்லை, புது மூடி போடுங்கள்.

ஒரே ஒரு பாட்டில் அளவு பீரை மட்டும் பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் நிரப்பி, காற்றைப் பிதுக்கிவிட்டு மூடிவையுங்கள். அது கல்லாக இறுகுவதை வைத்து மற்றவற்றின் நிலையை ஊகிக்கலாம்.

அதற்குப் பிறகு

20 முதல் 24 டிகிரியில், இருட்டில், மூடிய பெட்டிக்குள் நிமிர்த்தி இரண்டு வாரம். ஒன்றை இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்துத் திறந்து பாருங்கள். குளிர்ந்த பீரில்தான் வாயு நன்றாகக் கரையும். கேஸ் ஏறவில்லை என்றால் முதலில் அறை குளிரா என்று பாருங்கள். இதமான இடத்துக்கு மாற்றி, பாட்டிலைக் கவிழ்த்து நிமிர்த்தி, இன்னும் இரண்டு வாரம் கொடுங்கள். மாதக்கணக்கில் குளிரில் கிடந்த பீரிலும் ஆல்கஹால் ஒன்பது சதவீதத்தைத் தாண்டிய பீரிலும் ஈஸ்ட் ஓய்ந்திருக்கும்; அடைக்கும்போதே புது ஈஸ்ட் கொஞ்சம் சேர்ப்பது நல்லது.

எல்லாப் பாட்டிலும் பொங்கினால் சர்க்கரை கூடிவிட்டது அல்லது நொதித்தல் முடியவில்லை. ஒன்றிரண்டு மட்டும் பொங்கி, கழுத்தில் வெள்ளை வளையமும் புளிப்பும் இருந்தால் அந்தப் பாட்டில்களில் கிருமி. ஒன்று வெடித்துவிட்டால் பெட்டியை உடனே திறக்காதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு, கனமான துணியால் போர்த்தி, அப்படியே ஃபிரிட்ஜுக்குக் கொண்டுபோங்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகு ஒவ்வொரு மூடியையும் லேசாக நெம்பி வாயுவை விட்டு, புது மூடி போடலாம்.

ஊற்றும்போது ஒரே சாய்வில் கிளாஸில் ஊற்றி, அடியில் விரற்கடை அளவு வண்டலைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். காலியானதும் அப்போதே மூன்று முறை வெந்நீர் விட்டுக் குலுக்கிக் கவிழ்த்துவிட்டால், அடுத்த முறை இரவு முழுக்க ஊறவைக்கும் வேலை மிச்சம்.