கிராக் மென்பொருளைக் கைவிட

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கக் கடையளுக்கு பில் போடுற மென்பொருள் எழுதித்தான் என்ர வீடு ஓடுது. 2024 ஜனவரியில வற் வரி 15 இலிருந்து 18 வீதமாகேக்க, கடைக்காரர் காசு கட்டினபடியாத்தான் என்னால இருந்து மென்பொருளைத் திருத்திக் குடுக்க முடிஞ்சது.

கிராக் எண்டது காசு கட்டாமல் பாவிக்க மென்பொருளின்ர பூட்டை உடைக்கிறது. அதைக் கைவிட, முதல்ல உங்கட கோப்புகளை வேற டிஸ்க்கில எடுத்து வையுங்கோ. கிராக் போடேக்க அன்ரிவைரஸை நிப்பாட்டச் சொல்லியிருக்கும்; அந்த நேரம் என்ன உள்ளுக்கு வந்ததெண்டு தெரியாது. கிராக் மென்பொருளை அழிச்சால் மட்டும் காணாது, உரிமமுள்ள விண்டோஸைப் புதுசாப் போடுங்கோ. கடிதம், கணக்குக்கு லிப்ரேஒபிஸ் காணும். படம் கீறக் கிரிட்டா: அவையின்ர தளத்தில இலவசம், ஸ்டீமில காசுக்கு. அந்தக் காசு கிரிட்டாவை எழுதுறவையின்ர சம்பளத்துக்குப் போகுது. ஏலுமெண்டால் அங்க வாங்குங்கோ.

போட்டோஷொப்தான் வேணுமெண்டால் கலியாண சீசனுக்கு மட்டும் மாதச் சந்தா கட்டுங்கோ. வருஷ ஒப்பந்தத்தை மாதாமாதம் கட்டுறது வேற, இடையில விட்டால் தண்டம் கேப்பினம்.