ரோஜாவின் காலடியில் எதை நடுவது? துணைச்செடி தேர்வில் நாம் செய்யும் தவறுகள்

ரோஜாவின் அடியில் வெறும் மண்ணைப் பார்த்தால் பலருக்குக் கை சும்மா இருக்காது. மேலே அவ்வளவு பூ, கீழே முள்ளும் மொட்டைத் தண்டுமா என்று நர்சரிக்குப் போவோம். அன்றைக்குப் பூத்து நிற்பதில் கண்ணுக்குப் பிடித்ததை வாங்கி வந்து ஒட்டினாற்போல் குழி தோண்டுவோம். பூவைப் பார்த்து ஜோடி சேர்க்கிறோம். ஆனால் அந்த இரண்டும் குடித்தனம் நடத்தப்போவது மண்ணுக்குள்.

ரோஜா பெருந்தீனிக்காரி. தொழு உரம் நிறைய வேண்டும், தண்ணீர் வேர்வரை இறங்க வேண்டும், மண்ணின் பிஹெச் (அமில-காரத் தன்மையின் அளவு) 6 முதல் 6.5 வரை இருந்தால் செழிக்கும். லாவெண்டருக்கோ மெலிந்த, சுண்ணாம்புச் சத்துள்ள, சட்டென்று காயும் மண்தான் பிடிக்கும். ஆனாலும் ரோஜாவும் லாவெண்டரும் சேர்ந்து நிற்கும் படத்தைப் பார்த்து மயங்காதவர்கள் குறைவு. நானும் மயங்கினேன். முதல் வருடம் படத்தில் இருப்பது போலவே இருந்தது. இரண்டாம் மழைக்காலத்தில் லாவெண்டரின் அடித்தண்டு கறுத்தது. லேசாக இழுத்தேன், செடி கையோடு வந்துவிட்டது. வேர் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ரோஸ்மேரியும் இதே ரகம்தான்.

லாவெண்டரின் அந்த நீலம்தான் வேண்டும் என்றால் வெயில் கடுமையான இடத்தில் நீல சால்வியா, குளிர்ந்த இடத்தில் நெபெட்டா (கேட்மின்ட் என்ற படரும் செடி) வைக்கலாம். நீலத்தை ரோஜாவுக்குப் பக்கத்துச் செடிதான் தர வேண்டும். நீலத்துக்கு வேண்டிய டெல்ஃபினிடின் என்ற நிறமியை ரோஜா தானாக உண்டாக்குவதில்லை. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணுவை மாற்றி 2009-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘நீல ரோஜா’வும் பார்வைக்கு இளம் ஊதாதான்.

அடுத்த தவறு நெருக்கி நடுவது. கரும்புள்ளி நோயின் பூஞ்சை வித்து முளைத்து இலைக்குள் நுழைய, இலை ஏறக்குறைய 7 மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். காற்று புகுந்து போனால் இலை அதற்குள் காய்ந்துவிடும். சுற்றிலும் புதர் அடைத்துக்கொண்டால் பனியும் மழையும் இலையிலேயே தங்கும். வாங்கும்போது தொட்டியில் ஒரு சாண் உயரம் இருப்பதை நம்பாதீர்கள். வளர்ந்தபின் அதன் அகலம் என்ன என்று கேளுங்கள். இரண்டு செடிகளின் அகலத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் இடைவெளி கிடைக்கும். ரோஜா 1 மீட்டர், புதர் 1.2 மீட்டர் என்றால் நடுவில் 1.1 மீட்டர். சிறு செடியானாலும் ரோஜாத் தண்டைச் சுற்றி ஒன்றரை அடி மண்ணை விட்டுவிடுங்கள். உரத்தை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அங்கே மேலாகவே படர்ந்திருக்கும். அதில் மண்வெட்டி போடுவதும் தவறு, புதினா போல ஓடி ஓடிப் பரவுவதை விடுவதும் தவறு. புதினாவுக்குத் தனித் தொட்டியே மேல்.

அடியை மூடுவதில் இன்னொரு வம்பும் உண்டு. ஒட்டுக்கட்டிய ரோஜாவில் ஒட்டுக்குக் கீழே வேராக நிற்கும் காட்டு ரோஜாவிலிருந்து காட்டுத்தண்டு கிளம்பும். மண் திறந்திருந்தால் விரல் நீளத்திலேயே கண்ணில் படும். என் ரோஜா ஒன்று பூப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தது. படர்ந்திருந்த நெபெட்டாவை விலக்கிப் பார்த்தால், கட்டைவிரல் பருமனில் இரண்டு காட்டுத்தண்டுகள் சத்தையெல்லாம் இழுத்துக்கொண்டிருந்தன. ஒரு காம்பில் ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுத்தண்டு என்பார்கள். அதை நம்பி வெட்டாதீர்கள்; நல்ல ரோஜா வகைகள் பலவற்றுக்கும் ஏழு சிற்றிலை உண்டு. மண்ணை விலக்கி, எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்து அடியோடு பிய்த்தெடுக்க வேண்டும். மேலே நறுக்கினால் மறுபடி துளிர்க்கும்.

பூச்சி விஷயத்தில் செம்பருத்தியைச் சற்றுத் தள்ளியே வையுங்கள். மாவுப்பூச்சிக்கு அது தாய்வீடு, அங்கிருந்து ரோஜாவுக்கு எறும்புகளே சுமந்து வந்துவிடும். மிளகாயைத் தாக்கும் இலைப்பேனுக்கு ரோஜாத் துளிரும் பிடிக்கும், அதனால் மிளகாயும் பக்கத்தில் வேண்டாம்.

துலுக்கச் சாமந்தி நாலு நட்டால் வேரைத் தாக்கும் நூற்புழு ஓடிவிடும் என்பது பாதி உண்மை. அதன் வேரில் புழுவை ஒடுக்கும் பொருள் இருக்கிறது. ஆனால் பாத்தி முழுக்க நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் வளர்த்தால்தான் பலன். அழகுக்கு என்றால் தாராளமாக வையுங்கள், வறண்ட வெயிலில் செஞ்சிலந்தி ஏறுகிறதா என்று மட்டும் இலையைத் திருப்பிப் பாருங்கள். பூச்சிக்காகத்தான் நடுகிறேன் என்பவர்களுக்கு நான் சொல்வது ‘யாரோ’ (yarrow) என்ற பூச்செடி. அதன் குடைப் பூவைத் தேடி மிதவை ஈக்கள் வரும், அவற்றின் புழுக்கள் அசுவினியைத் தின்னும்.

ரோஜாவையும் துணைச்செடியையும் ஒரே நாளில் நட வேண்டியதில்லை. ரோஜாவுக்கு ஒரு வருடம் முன்னுரிமை கொடுங்கள். அந்த இடைவெளியில், கவாத்துக் கத்தரியும் கையுறையுமாக அதன் முன் ஒருமுறை நின்று பாருங்கள். எந்தப் பக்கம் கால் வைத்து, எந்தப் பக்கம் குனிகிறீர்களோ, அந்த இடத்தில் ஒரு தட்டைக் கல்லைப் போட்டுவிட்டு மிச்சத்தில் நடுங்கள்.