ஓஎல்டி-யோடு பேசும்போது இதையெல்லாம் செய்யாதீர்கள்

போன வாரம் சுங்கை சிப்புட்டில், தோட்டத்து முனைப் பெட்டிக்கு முன்னால் ஒரு தம்பி குந்தியிருந்தான். பெட்டிக்குள் ஓஎல்டி, அதாவது பல வீடுகளுக்கு ஃபைபர் நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் கருவி. மடியில் லேப்டாப், கையில் கன்சோல் கேபிள்.

"மேனேஜ்மென்ட் விலானை மாத்துனியா?"

"ஆமாண்ணே" என்று தலையைச் சொறிந்தான். மேனேஜ்மென்ட் விலான் என்பது கருவியைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க நாம் உள்ளே போகும் தனிப் பாதை.

கேபிள் மாற்றிச் செருகுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானாகத் தெளியும்.

நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரம் வெட்டுவது

அந்தப் பாதையைத் தப்பாக மாற்றினாலும் ஓஎல்டி பாட்டுக்கு ஓடும். லயத்து வீடுகளில் நெட் வரும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். உங்களுக்கு மட்டும் கதவு சாத்தியிருக்கும். எனக்கு இது நடந்தபோது இரவு 1 மணி. சாவி வைத்திருந்த ஜாகாவை (காவலாளியை) எழுப்பி, செம்பனைக்குள் மண்சாலையில் மோட்டார் சைக்கிளில் போய்ப் பெட்டியைத் திறந்தால், உள்ளே கட்டெறும்புக் கூடு. ஒரு விலான் எண்ணைத் திருத்த இவ்வளவு.

அப்போது தொலைவிலிருந்து உள்ளே போக எங்களிடம் டெல்நெட் மட்டும்தான். இப்போது கருவிகளின் அமைப்பை மாற்ற உதவும் நெட்கான்ஃபில் 'கன்ஃபர்ம்ட் கமிட்' இருக்கிறது, அதாவது மாற்றத்தைத் தற்காலிகமாக அமலாக்கிவிட்டுப் பிறகு உறுதி செய்வது. நேரம் குறிப்பிடாவிட்டால் 600 விநாடிக்குள் உறுதி செய்ய வேண்டும். இல்லையென்றால் கருவி பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். உங்கள் கருவிக்கு இது தெரியுமா என்பதை இணைந்தவுடன் அது அனுப்பும் ஹலோ செய்தியிலேயே பார்த்துவிடலாம்.

தம்பி இதைப் பயன்படுத்தித்தான் இருந்தான்! அதுதான் எரிச்சல். ஸ்கிரிப்டில் கமிட்டுக்கு அடுத்த வரியிலேயே உறுதி செய்வதையும் எழுதிவிட்டான். பழைய இணைப்பு அறுவதற்குள் இரண்டும் போய்ச் சேர்ந்துவிட்டன. அப்புறம் எங்கே திரும்புவது?

'பெர்சிஸ்ட்' என்று ஓர் அடையாளம் சேர்த்து கமிட் செய்யுங்கள். அது இல்லாமல் இணைப்பு அறுந்தால் மாற்றம் அப்போதே ரத்தாகிவிடும். பிறகு புது விலான் வழியாகப் புது இணைப்பைத் திறந்து, உள்ளே வர முடிந்தால் மட்டும், அதே அடையாளத்தைக் கொடுத்து அங்கிருந்து உறுதி செய்யுங்கள்.

எஸ்என்எம்பி 'பப்ளிக்'

எஸ்என்எம்பி, கருவிகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் முறை. 'பப்ளிக்' அதற்கு வழக்கமாக வைக்கும் கடவுச்சொல். மாற்றுங்கள். வி2சி பதிப்பில் அது மறைப்பே இல்லாமல் கம்பியில் போகிறது.

போர்ட் 7547

ரௌட்டரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் டிஆர்-069 முறைக்காக வீட்டு ரௌட்டர் திறந்து வைக்கும் வாசல். இணையம் முழுவதற்கும் திறந்து விடாதீர்கள். 2016 நவம்பரில் ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் ரௌட்டர்கள் முடங்கியது இந்த வாசலைத் தட்டியவர்களால்தான்.

வேறு பிராண்ட் ஓஎன்டி

ஓஎன்டி, வாடிக்கையாளர் வீட்டில் வைக்கும் ஃபைபர் பெட்டி. பதிவாகும், பச்சை விளக்கு எரியும், நெட் வராது. ஓஎல்டி ஓஎன்டி-யை நிர்வகிக்கப் பேசும் ஓஎம்சிஐ-க்கு ஜி.988 என்று பொதுத் தரம் இருந்தாலும், ஆளுக்கொரு கைவரிசை காட்டியிருப்பார்கள். விளக்கைப் பார்த்துக் கிளம்பாதீர்கள். வாடிக்கையாளர் கைப்பேசியில் ஒரு பக்கம் திறக்கட்டும்.

சேமிக்காத கன்ஃபிக்

நீங்கள் மாற்றிய அமைப்பு சாயங்கால இடிக்குக் கரண்ட் போகும்வரை இருக்கும்.